அணைக்காம வெச்சிருந்த மெசின்

ஏனுங்க சார், அந்த முழங்கையைச் சித்தெ அக்கட்டால தள்ளி வெச்சுக்கறீங்களா? எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க. இந்த லேப்டாப்புக்குத்தான். பஸ்ஸு ஒரு குலுக்குக் குலுக்கி, உங்க கை பட்டு, மூடி சாத்திக்கிச்சுன்னா என்ர பொழப்பே போயிரும். கோவிச்சுக்காதீங்க. திருச்செங்கோட்டுல இருந்து ஒரு தாத்தா இந்த சீட்டுல உக்காந்துட்டு வந்தாரு. ரெண்டு தடவை சொன்னேன், எந்திரிச்சுப் பின்னால போயிட்டாரு. நீங்க பாக்கப் படிச்சவராட்டம் இருக்கறீங்க. கறுப்புக் கோட்டு வேற கையில இருக்குது. வக்கீலுங்களா? அவினாசி கோர்ட்டுக்கா? அப்பச் சரி, நாஞ்சொன்னாப் புரிஞ்சுக்குவீங்க.

சார்ஜர் பாயிண்ட் இருக்குதான்னு கேட்டுத்தானுங்க இந்த பஸ்ஸுல ஏறினேன். "இருக்குதுங்க, ஏறுங்க"ன்னான் கண்டக்டர். இருக்குது. பாருங்க, உங்க காலுக்குப் பக்கத்துல. கரண்டுதான் இல்ல. கேட்டா, "டிரைவர்கிட்டச் சொல்லுங்க"ங்கறான். டிரைவர்கிட்டப் போயிக் கேக்கலாம்னா இதைத் தூக்கிட்டுத்தான் போகோணும். ஓடற பஸ்ஸுல இதைத் தூக்கிட்டு நடக்க முடியுமுங்களா?

மூடினாத் தூங்கும், தொறந்தா முழிச்சுக்கும், அதானே லேப்டாப்புன்னு கேப்பீங்க. மத்ததுக்கெல்லாம் அப்படித்தான். இது தூங்குச்சுன்னா எந்திரிக்காதுங்க. பட்டனை அமுக்கிப் புடிச்சு அணைச்சு, மறுக்கா போட்டாத்தான் உசுரு வரும். அணைச்சா உள்ள இருக்கறது பூராவும் போச்சு. அதனாலதான் நாமக்கல்லுல ஊட்டுல இருந்து கெளம்பினதுல இருந்து தொறந்தே வெச்சிருக்கறேன். ஆட்டோவுலயும் தொறந்துதான். டிக்கெட் எடுக்கறப்பயும் தொறந்துதான். பின்சீட்டு அம்மா, "ஏனுங்க தம்பி, அதுக்கும் சேத்து அரை டிக்கெட் எடுத்தீங்களா"ன்னு கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும்.

என்னங்க? சேவ் பண்ணலையாவா?

இதைத்தானுங்க எல்லாரும் கேக்கறாங்க. என்ர சம்சாரம் கேட்டா, மச்சான் கேட்டாரு, இன்வெர்ட்டர் மாட்ட வந்தவன் கேட்டான். சேவ் பண்ணியாச்சுங்க! ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு இல்லாம சேவ் பண்றேன். விரலு அதுபாட்டுக்கு அமுக்குது. இப்பப் பேசிட்டே அமுக்கினேன், பாத்தீங்களா? பிரச்சினை அது இல்ல.

சொல்றேன், கேளுங்க. இதுக்குப் பேரு நோட்புக். நம்ம ஸ்கூல் நோட்டு மாதிரித்தான். கட்டம் கட்டமா இருக்கும். ஒரு கட்டத்துல நாலு வரி கணக்கு எழுதி, ஓட்டுனா, கீழயே விடை வரும். அடுத்த கட்டம், அடுத்த விடை. சேவ் பண்ணினா எழுதின வரியும், கீழ வந்த விடையும் அப்படியே நிக்கும். ஆனா அந்த வரிகளை ஓட்டுனதுல உள்ளுக்குள்ள உருவாகி நிக்குது பாருங்க, அட்டவணை, எண்ணிக்கை, சூத்திரம், அதெல்லாம் மெசினோட நெனப்புல மட்டுந்தான் இருக்கும். சமையல் குறிப்பைப் பத்திரமா பீரோவுல வெக்கலாம். அடுப்புல கொதிக்கற குழம்பு பீரோவுக்குள்ள போகுமுங்களா? அடுப்பை அணைச்சா குழம்பே காணாமப் போயிருதுன்னு வெச்சுக்குங்க. அந்த அடுப்பைத்தான் நான் மடியில வெச்சுட்டு வர்றேன்.

அப்பக் குறிப்பைப் பாத்து மறுக்கா வெச்சுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அங்கதானுங்க கோளாறு. இருங்க, கொஞ்சம் வெளிச்சத்தைக் கொறைச்சுக்கறேன். பேட்டரி இறங்கிட்டே வருது.

நான் கோழித் தீவனக் கம்பெனியில இருக்கறேனுங்க. பேரு தெய்வசிகாமணி. எங்ககிட்டத் தீவனம் வாங்கற பண்ணை சுத்துவட்டாரம் பூராவும் இருக்குது. எந்தப் பண்ணையில எந்த ஷெட்டுல என்னிக்கு முட்டை கொறையப் போகுதுன்னு முன்னாலயே கண்டுபுடிச்சுச் சொல்லோணும். அதுதான் என்ர வேலை. கோழிக்கு ஒடம்புக்கு ஆகலைன்னா மொதல்ல தண்ணி குடிக்கறது கொறையும். அப்புறந்தான் முட்டை கொறையும். தண்ணிக்கு மீட்டர் வெச்சிருக்குது. முட்டைக்கு ஷெட்டு சூப்பர்வைசருக எண்ணி எழுதறாங்க. ரெண்டையும் வெச்சு சூத்திரம் போட்டுப் புடிக்கோணும். கேக்க சுலபம். நான் வருசக்கணக்கா மல்லுக்கட்டறேன், புடிபடலை. இன்னிக்குத் தண்ணி கொறைஞ்சுருக்கும், முட்டை அதே நாள்ல கொறைஞ்சுருக்கும். இன்னொரு ஷெட்டுல தண்ணி கொறையறதுக்கு முன்னாலயே முட்டை கொறைஞ்சுருக்கும். அது எப்படிங்க? கோழி ஜோசியமா பாக்குது?

போன கோடைக்கு முன்னால மொதலாளி ஒரு புள்ளையை வேலைக்குச் சேத்தாரு. கோகிலவாணி. ராசிபுரத்துப் புள்ள. கோழி டாக்டருக்குப் படிச்சது. "சிகாமணி, இது உங்ககூட இருக்கட்டும், உதவியா இருக்கும்"னாரு. எனக்கு உதவி வேணும்னு நான் கேக்கலை. ஆனாலும் நான் யாரையும் தள்ளி வெக்கற ஆளு கெடையாதுங்க. தனியா ஒரு சேரு போட்டுக் குடுத்தேன்.

அந்தப் புள்ள சேருல உக்காந்தாத்தானே? வெய்யிலு மண்டையப் பொளக்குது, ஸ்கூட்டியை எடுத்துட்டு ஷெட்டு ஷெட்டாப் போகுது. சூப்பர்வைசருககூட ஒக்காந்து டீ குடிச்சுட்டுப் பேசுது. நான் நெனச்சேன், நோகாம நோம்பி கும்படற ஆளு போலன்னு. எப்பப் பாத்தாலும் வெளிய. கணக்குங்கறது ஒரு எடத்துல உக்காந்து பண்றதுதானுங்களே?

ஒரு நாள் மொதலாளி என்ர பக்கத்துல நின்னு பாத்துட்டு இருக்கறாரு. இந்தப் புள்ள வந்து, "சார், சில ஷெட்டுல சாயங்காலம் பொறுக்கற முட்டையை அன்னிக்கே எழுதறதில்ல, மக்யா நாள் தேதியில எழுதறாங்க. சில ஷெட்டுல ஆளைப் பொறுத்து மாறுது. அதனாலதான் முட்டை கொறையற நாளு முன்னப்பின்னத் தெரியுது. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எடுத்துட்டு வந்துருக்கறேன். தேதியை நகத்தி வெச்சுட்டேன்"ங்குது. எங்க நகத்தி வெச்சுருக்குது? என்ர நோட்டுல! நான் மத்தியானம் சாப்பிடப் போயிருந்த நேரத்துல நடுவால ஒரு கட்டத்தைச் சொருகி, அதுபாட்டுக்கு எழுதி ஓட்டி வெச்சுருக்குது.

கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க? உங்க கேஸு கட்டுல ஜூனியர் பையன் உங்களைக் கேக்காம ஒரு பக்கம் எழுதிச் சொருகினா விடுவீங்களா? நான் ஒண்ணும் கத்தலை. "இது என்ர நோட்டு, இதுல வேற கை படக்கூடாது, அழிச்சுரு"ன்னேன். அந்தப் புள்ள என்னை ஒரு பார்வை பாத்துச்சு. அப்புறம் நான் நிக்கறப்பவே, என்ர கண்ணு முன்னாலயே, அந்தக் கட்டத்தை அழிச்சுச்சு. அழிச்சாச்சு. அந்தச் சமாச்சாரம் அத்தோட முடிஞ்சுது.

இப்பத்தானுங்க கதையே. அன்னிக்குச் சாயங்காலமே, அதே நோட்டுல, நான் என்ர சூத்திரத்துல ஒரு சின்ன மாத்தம் பண்ணி ஓட்டிப் பாத்தேன். சார், நீங்க நம்போணும். வந்துருச்சு! ஒவ்வொரு ஷெட்டும் டக்டக்குனு உக்காருது. தண்ணி கொறையுது, அப்புறம் முட்டை கொறையுது, எல்லா எடத்துலயும் அதே வரிசை. வருசக்கணக்கா முட்டி மோதின கதவு தானாத் தொறந்துக்கிச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, பொய் சொல்லலை. மொதலாளியைக் கூப்பிட்டுக் காமிச்சேன். முதுகுல தட்டிக் குடுத்தாரு. அந்தப் புள்ளையும் வந்து எட்டிப் பாத்துச்சு. "சார், நான் தேதி நகத்தினது..."ன்னு என்னமோ ஆரம்பிச்சுது. "அதான் அழிச்சாச்சே, அதை எதுக்கு இப்பப் பேசறே"ன்னேன். நல்ல காரியம் நடக்கறப்பப் பழசைக் கெளறக்கூடாது பாருங்க.

கொஞ்ச நாள்ல அந்தப் புள்ள வேலையை விட்டுட்டு உடுமலைப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போயிருச்சு. ஏன்னு தெரியலை. சம்பளம் எச்சாக் கெடைச்சுருக்கும். இந்தக் காலத்துல யாரு ஒரு எடத்துல நிக்கறாங்க?

ஈரோடு வந்துருச்சுங்களா? இல்லியா? பள்ளிபாளையமா. இன்னும் எவ்வளவு தூரம் கெடக்குது. பேட்டரி செகப்பு ஆகப்போகுதுங்க.

ஆமாங்க, அந்தக் கோளாறைச் சொல்ல வந்தேன். ஆபீசுல இருக்கற பெரிய கம்ப்யூட்டருல இதே நோட்டை ஏத்தி, மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணொண்ணா ஓட்டுனேன். அதே வரி. அதே சூத்திரம். ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் இல்ல. விடை மட்டும் பழையபடி குப்பை! கோழி ஜோசியம் பாக்குது! இங்க வந்து இதுல ஓட்டுனா, தங்கமா வருது. அங்க போனாக் குப்பை. அன்னிக்கு ஆரம்பிச்சுதுங்க எனக்கு இந்த வெசனம். இந்த மெசினோட நெனப்புல என்னமோ ஒண்ணு நிக்குது. நோட்டுல அது இல்ல. என்னன்னு எனக்குத் தெரியலை. அது போச்சுன்னா எல்லாம் போச்சு. அன்னில இருந்து இதை அணைக்கலீங்க.

ஊட்டுல இதுக்குன்னு தனி மேசை. தனி ஃபேனு. கரண்டு போனாத் தாங்கறதுக்கு இன்வெர்ட்டரு, அந்த இன்வெர்ட்டரு மேல நம்பிக்கை இல்லாம இன்னொண்ணு. புள்ளைக அந்த ரூமுக்குள்ள போகக்கூடாது. ஒறம்பரை வந்தா அந்த ரூமுல படுக்கக் குடுக்கறதில்ல. மாரியம்மன் நோம்பிக்கு மாமனாரு ஊருக்கு எல்லாரும் போனாங்க, நான் போகலை. சம்சாரம் பேசறதையே நிறுத்திட்டா. ஒருக்கா மட்டும் கேட்டா, "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க, அந்தப் புள்ளைக்குப் போனைப் போட்டுக் கேட்டா என்ன?"ன்னு. அவ பன்னண்டாவதோட நிறுத்தினவ, அவளுக்கு என்ன தெரியும்?

அந்த நெனப்பை அப்படியே மூட்டை கட்டி டிஸ்க்குல போட்டு வெக்க வழி இல்லாம இல்லீங்க. இருக்குது. ஒரே ஒரு வரி. ஓட்டிப் பாத்தேன். பாதியில நின்னுக்கிச்சு. தண்ணி மீட்டருக்கு நேரா ஒரு லைன் போட்டு வெச்சுருக்கறேன் பாருங்க, ஷெட்டுல இருந்து அப்பப்ப எண்ணிக்கை வர்றதுக்கு, அந்த லைனை மூட்டை கட்ட முடியாதாம். அது ஒண்ணுக்காக மொத்த மூட்டையும் வேண்டாம்னு தள்ளிருச்சு. லைனை வெட்டிட்டுக் கட்டலாமேன்னு கேப்பீங்க. கட்டலாம். ஆனா வெட்டப் போயி, கூடச் சேந்து வேறொண்ணு விழுந்துருச்சுன்னா? என்னன்னே தெரியாத ஒண்ணை எப்படிங்க பாதுகாக்கறது? தொடாம வெச்சுக்கறதுதான் பாதுகாப்பு. அதனால நான் எதையும் தொடலை. ஒரு சின்னக் கணக்குப் போடறதுன்னாக்கூட வேற மெசினுலதான் போடறேன்.

இன்னிக்குக் கோயமுத்தூருல எங்ககிட்டத் தீவனம் வாங்கற பெரிய பெரிய பண்ணைக்காரங்க கூடறாங்க. எங்க மொதலாளி மொதல்லயே போயிட்டாரு. புதுசா ஒரு பிரிவு ஆரம்பிக்கறாங்க, பண்ணைகளுக்கு முன்கூட்டிச் சொல்றதுக்குன்னே. அதுக்குத் தலைமை யாருன்னு இன்னிக்கு முடிவாகும். "சிகாமணி, அவிய அவிய பண்ணை எண்ணிக்கையைக் குடுப்பாங்க, நீங்க அங்கயே ஓட்டிக் காமிக்கோணும்"னு சொல்லிட்டாரு. படத்தைக் காமிச்சு ஏமாத்த முடியாது. உசுரோட ஓட்டோணும். கம்பெனி காரு கேட்டேன். அதுல சாம்பிள் தீவனம் போகுதாம். மனுசனுக்கு எடம் இல்ல, மூட்டைக்கு எடம் இருக்குது. சரி, பஸ்ஸுல வந்தர்றேன்னேன். திருச்செங்கோட்டு பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு நின்னப்ப ஒரு டீக்கடையில கெஞ்சி ஒயரைச் சொருகினேன். பிளக்குப் புடிச்சதும் கண்டக்டர் விசிலு ஊதறான். ஒயரையும் இதையும் தூக்கிட்டு ஓடி வர்றேன், சனம் பூராவும் சிரிக்குது. கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டாக் கல்லைக் காணோம்.

சொல்லுங்க சார், என்னமோ கேக்க வந்தீங்க.

எதெது காரணமா இருக்கும்னு பாத்தீங்களாவா? பாக்காம இருப்பனுங்களா? மென்பொருளு பழசு புதுசு வித்தியாசமான்னு பாத்தேன். இல்ல. சூத்திரத்துல சேத்திருந்த வெய்யிலு கணக்கை ரெண்டு எடத்துல இருந்து எடுத்தனான்னு பாத்தேன். இல்ல. கட்டத்தை முன்னப்பின்ன ஓட்டுனனான்னு பாத்தேன். ஆபீசு மெசினுல மாத்தி மாத்தி ஓட்டியும் பாத்தேன். இல்ல. மெசினுலயே ஏதாவது ராசியோன்னுகூடத் தோணிருச்சு, போங்க.

அந்தப் புள்ள எழுதினதா? நீங்களும் என்ர சம்சாரம் மாதிரியே கேக்கறீங்களே. அதான் சொன்னனுங்களே, அது அழிச்சுருச்சு. நான் முன்னால நின்னு பாத்தேன். நோட்டுல இப்ப அது இல்ல. தேடிப் பாருங்க, ஒரு வரி இருக்காது.

என்னங்க? ஓட்டிட்டு அழிச்சுதா, ஓட்டாம அழிச்சுதாவா?

ஓட்டித்தான் இருக்கும். ஓட்டிட்டுத்தான் எங்ககிட்ட வந்து சொல்லுச்சு.

...

இப்ப நீங்க சொல்ற உதாரணம் எனக்குப் புரியுதுங்க. சாட்சி கூண்டுல நின்னு ஒண்ணு சொல்லிப்புட்டான். எதிர்க்கட்சி வக்கீலு எந்திரிச்சு, குறிப்புல இருந்து நீக்கோணும்ங்கறாரு. நீக்கியாச்சு. ஆனா ஜட்ஜு காதுல விழுந்தது விழுந்ததுதானே, அதைக் காதுல இருந்து நீக்க முடியுமான்னு கேக்கறீங்க. முடியாதுதான். எழுதினதை அழிச்சா எழுத்துதான் போகும். ஓட்டினது நெனப்புல நிக்கும். அது எனக்குத் தெரியாததா? புதுசாச் சேர்ற பசங்களுக்கு மொத நாளே இதைத்தான் நான் சொல்லித் தர்றது.

சித்தெ இருங்க.

சித்தெ இருங்க சார், பேசாதீங்க.

நெனப்புல இருக்கற பேரையெல்லாம் வரிசையாக் காமிக்கச் சொல்றேன். இது எதையும் கலைக்காது, சும்மா பாக்கறதுதான். இதா... இது நான் வெச்ச பேரு. இது நான் வெச்சது. இதுவும். இது... இது நான் வெச்ச பேரு இல்லீங்க. "சாயங்கால முட்டை"ன்னு இங்கிலீசுல எழுதிருக்குது. நான் இப்படியெல்லாம் பேரு வெக்க மாட்டேன். நான் ஏ, பி, சின்னுதான் வெப்பேன். என்ர சூத்திரம் எடுக்கற அட்டவணையையே இது மாத்தி வெச்சுருக்குது. ஒவ்வொரு ஷெட்டு பேரும், எந்தெந்த சூப்பர்வைசரு எந்தெந்த நாளு எப்படி எழுதினாருன்னும்... எவ்வளவு இருக்குது பாருங்க. உருட்ட உருட்ட வந்துட்டே இருக்குது. இவ்வளவு பேருகிட்டயா போயிக் கேட்டுச்சு அந்தப் புள்ள?

இருங்க, மறுக்கா மேல இருந்து உருட்டிப் பாக்கறேன்.

என்ன சொல்றீங்க? இது ஒண்ணை மட்டும் தனியா டிஸ்க்குல எழுதி வெச்சுரலாமேவா? வெக்கலாம். ஒரு வரிதான். ஒரு நிமிசம்கூட ஆகாது. ஆனா வக்கீல் சார், கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாருங்க. அப்படி எழுதினா அது தனி ஃபைலா வந்து நிக்கும். அதுக்கு ஒரு பேரு வெக்கோணும். நாளைக்கு எவனாவது தொறந்து பாத்து, "இது யாரு பண்ணினது?"ன்னு கேப்பான். மொதலாளி வேற அன்னிக்குப் பக்கத்துல நின்னாரு. நான் அழிக்கச் சொன்னதையும் பாத்தாரு. நெனப்புல இருக்கற வரைக்கும் இது மெசினுக்குள்ள இருக்கற ஒரு சமாச்சாரம். ஃபைலு ஆயிட்டா...

என்னுதுன்னு பொய் சொல்லப் போறனான்னா கேக்கறீங்க? நான் எதுக்குப் பொய் சொல்லோணும். சூத்திரம் என்னுதுதானே? தேதியைத்தானே அது நகத்துச்சு. நாளைக்கே சூத்திரம் இல்லாம வெறும் தேதியை வெச்சு என்ன பண்ணும்? சரி, சூத்திரம் வருசக்கணக்கா வேலை செய்யலை. அது வேற விசயம்.

செகப்பு ஆயிருச்சுங்க.

சரி. ஒண்ணு பண்ணலாம். அந்தப் புள்ளைக்கு ஒரு போனு போட்டுட்டு, அப்புறம் எழுதலாம். உன்னோடது இப்படி இங்க இருக்குது, நான் எடுத்து வெக்கறேன், பேரு கீரு அப்புறம் பேசிக்கலாம்னு மொதல்லயே தெளிவாச் சொல்லிட்டா நாளைக்கு வில்லங்கம் இருக்காது பாருங்க. உங்க தொழிலுல இதுக்கு என்னமோ சொல்லுவீங்களே. ஆனா என்ர நம்பருக்கு எடுக்காதுங்க. ஒருக்கா, ஆயுத பூசைக்கு எல்லாருக்கும் அனுப்பற வாழ்த்தை அனுப்பினேன், போயே சேரலை. உங்க போனைக் குடுங்க. வேண்டாம், நீங்களே போடுங்க. நம்பரைச் சொல்றேன். எடுத்தா என்ர பேரைச் சொல்லாதீங்க. ஒரு சின்ன விளக்கம் வேணும்னு சொல்லுங்க. உதவின்னு சொல்லாதீங்க, அது வேற அர்த்தம் ஆயிரும். விளக்கம். தெரிஞ்ச வக்கீலு மூலமாக் கேக்கறதாகச் சொல்லுங்க. அதுவும் வேண்டாம், வக்கீலுன்னாப் பயந்துக்கும். மொதல்ல சௌக்கியமான்னு கேளுங்க. அப்புறம்...

ரிங்கு போகுதா?

இருங்க இருங்க, மொதல்ல எழுதியே வெச்சர்றேன், நீங்க சொன்னதுதான் சரி. இதா, அடிக்கறேன். பேரு... என்ன பேரு வெக்கறது? என்ர பேரு வெச்சா நல்லா இருக்காது. அந்தப் புள்ள பேரு வெச்சா... பொதுவா கம்பெனி பேரு வெச்சர்றேன். ஆமா. கம்பெனி பேரு...

ஐயோ.

ஐயோ சார்.

ஸ்கிரீனு போயிருச்சு. இல்ல, வெளிச்சம் கொறைச்சு வெச்சிருந்தேன், அதனால... இல்லீங்க. ஃபேனு சத்தமும் இல்ல. தொட்டுப் பாருங்க. இதோ, பட்டனை அமுக்கறேன். ஒண்ணும் இல்ல. அமுக்கறேன். ஒண்ணும் இல்லீங்க. ஒரு வரிதான் சார் பாக்கி. பேரு மட்டுந்தான்.

எடுத்துருச்சா? நான் பேச மாட்டேன். என்னத்தைப் பேசறது இப்ப? வேண்டாம், வேண்டாம், குடுக்காதீங்க... ஹலோ. ஆமாங்க. நாந்தான்... ஆமா, தெய்வசிகாமணி. இல்ல, அந்த நம்பரு... ஒருத்தர் போனுங்க. சாப்ட்டாச்சுங்களா? ... ஆமா, கோயமுத்தூருக்குத்தான். பஸ்ஸுல. ... இல்லீங்க, நல்லா இருக்கறேன். ... டாக்டரம்மா, ஒரு விசயம். அன்னிக்கு நீங்க தேதி நகத்தினது, அந்த ஷெட்டுக் கணக்கு, அதுல ஒரு காப்பி... ... ம். ... ம். ... அப்படியாச் சொன்னேன்? ... ம். ... சரிங்க. வெச்சர்றேன்.

இந்தாங்க சார் உங்க போனு. ரொம்ப நன்றிங்க.

என்ன சொல்லுச்சுன்னு கேக்கறீங்களா? "சார், எங்கயும் இருக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. என்ர மெசினுலயும் அழிச்சுட்டேன், ஷெட்டுல எழுதின பேப்பரையும் அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்"ங்குது. அழிக்கச் சொன்னது ஞாபகம் இருக்குது. எங்கயும் இருக்கக்கூடாதுன்னு சொன்னனான்னு எனக்கு நெனப்பு இல்லீங்க. சொல்லியிருப்பேன். கோவத்துல ஆயிரம் சொல்லுவோம். நானும் மனுசன்தானே. கோவமாத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல சார். தீவன லோடு வந்துருச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்லுது. அந்த சூப்பர்வைசருகள்ல பாதிப் பேரு இப்ப வேற பண்ணைக்குப் போயிட்டாங்களாம். மறுக்கா கேட்டு எடுக்கறது கஷ்டமாம். பஸ்ஸுல பத்திரமாப் போங்கன்னு வேற சொல்லுது.

பெருந்துறை தாண்டியாச்சுங்களா? அவினாசி வந்துருமே, எறங்கீருவீங்களே. நான் அங்க போயி மொதலாளிகிட்ட என்னன்னு சொல்றது? அத்தனை பேரு உக்காந்திருப்பாங்க. அவிய அவிய பண்ணை எண்ணிக்கையை எடுத்து வெச்சுட்டு.

ஆனா ஒண்ணு சார். எனக்கு ஆறலை. அந்தப் புள்ள எத்தனை வெய்யிலுல அலைஞ்சு, எத்தனை பேரைக் கேட்டு எடுத்தது. அவ்வளவு பெரிய காரியம். யாரோ ஒருத்தன் கோவத்துல ஒரு வார்த்தை சொன்னான்னு அழிச்சுப் போடறதா? ஒரு காப்பி, ஒரே ஒரு காப்பி எடுத்து எங்கயாவது வெச்சுருக்க வேண்டாமுங்களா? நீங்களே சொல்லுங்க. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு அக்கறைங்கறதே இல்லீங்க.